எதிர்வீட்டு பிரிட்ஜ்

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் அனந்தபுரம் பஸ் இன்னும் கிளம்பவில்லை. எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் பிளாஸ்க்கை மடியில் வைத்திருந்தவள், பக்கத்திலிருந்த மூத்தவளிடம் கேட்டாள்.

"அக்கா, எடம் மாறி உக்காரலாமா? வெயில் பட்டா மருந்து செத்துடும்."

அதுவரை நான் செல்போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மருந்து கூட சாவுமா? இன்னா மருந்தும்மா அது?"

"எம்பொண்ணுக்குக் கழுத்துல எண்ணெ கொட்டி வெந்துபோச்சுக்கா. இது தோலை வளர வைக்கிற ஜெல்லு. சில்லுனே இருக்கணுமாம்."

"மேல தடவுனா உள்ள எறங்குதா?"

"சும்மா தடவுனா எறங்காது. புண்ணைக் கழுவி, செத்த தோலை எடுத்துட்டு மெலிசா தடவணும். நர்ஸம்மா சொல்லிக் குடுத்தாங்க, நானே செய்றேன். எங்க வூட்ல பிரிட்ஜ் இல்ல. எதிர்வூட்ல வச்சிருக்கோம். டெய்லி எம்பொண்ணே போய் எடுத்துக்கினு வருவா."

"எங்க வூட்ல பழைய பிரிட்ஜ் ஒண்ணு சும்மா கெடக்குது. நல்லாத்தான் ஓடுது. எடுத்துக்கினு போம்மா."

இடம் மாறி உட்கார்ந்தார்கள். பஸ் கிளம்பியது.

"வேணாங்க்கா. வெந்ததுலேர்ந்து அவ தெருவுல கால் வைக்கல. மருந்து எடுக்க மட்டுந்தான் வெளிய போறா. மொதல்ல துப்பட்டாவக் கழுத்துல சுத்திக்கினு ஓடுவா. நேத்து சுத்தாமலே போனா. அங்க இருக்கிற புள்ளைங்களோட அரை மணி நேரம் பேசிட்டு, மருந்தை எடுக்காமலே திரும்பி வந்துட்டா."

"அப்புறம்?"

"மறுபடியும் போடின்னு அனுப்பிட்டேன்."