வீரமணி அடித்த மருந்து

மாதவராஜ்: ...அப்ப இந்த வயருக்குள்ளதான் என் ரத்தம் போவுதுங்களா மேடம்?

ஜெயபிரியா: ரத்தம் போவாதுண்ணா. வெளிச்சம்தான் போவும். இது தலைமுடி கனத்துல கண்ணாடி இழை. நுனியில ஒரு பூச்சு இருக்குது. உங்க ரத்தத்துல என்சைம் வேலை செஞ்சா பூச்சு நிறம் மாறும். வெளிச்சம் திரும்பி வந்து எவ்வளவுன்னு சொல்லிரும்.

மாதவராஜ்: எங்கூருக்கு நெட்டு வர்றதும் இந்த வயருலதான். காத்தடிச்சா நின்னுரும்.

கலைமணி: பேசாம விரல நீட்டுங்க. போன முகாம்லயும் இப்பிடித்தான் நக்கலடிச்சீங்க. நாப்பத்தொண்ணுன்னு வந்துச்சு.

மாதவராஜ்: நான் வாங்குன மார்க்குலயே அதுதாங்க பெருசு.

ஜெயபிரியா: சிரிக்கிற மார்க் இல்லண்ணா அது. பாதிக்கு மேல என்சைம் முடங்கிக் கெடந்துச்சு.

கலைமணி: அது என்னன்னு இன்னொரு தடவ சொல்லு பாப்பா. மொரப்பூர்ல எங்கக்கா கேட்டா, எனக்குச் சொல்லத் தெரியல.

ஜெயபிரியா: உங்க கெணத்து மோட்டார் ஓடுது. தொட்டி ரொம்பிருச்சு. ஒருத்தர் போய் நிறுத்தணும்ல? நரம்புல அந்த ஆளுதான் இந்த என்சைம். பூச்சி மருந்து அந்த ஆளக் கட்டிப் போட்டுரும். மோட்டார் பாட்டுக்கு ஓடும். வேர்த்துக் கொட்டும், கண்ணு மங்கும், கை நடுங்கும்...

கலைமணி: அன்னிக்கு மருந்தடிச்சுட்டுத் தக்காளிக்கு நடுவுல மல்லாந்து கெடந்தாரு.

மாதவராஜ்: வானம் நல்லாருந்துச்சு. பாத்துக்கிட்டிருந்தேன்.

கலைமணி: எச்சி ஒழுகவா?

ஜெயபிரியா: இருங்க, நம்பர் வருது.

மாதவராஜ்: பஞ்சாயத்து ஆபீஸ் சேர்ல உக்காந்து இத்தன பயந்தது இன்னிக்குத்தான்.

கலைமணி: எவ்வளவு பாப்பா?

ஜெயபிரியா: எம்பத்தி மூணுக்கா.

கலைமணி: நூத்துக்கா?

ஜெயபிரியா: நூத்துக்குத்தான். ரெண்டு மாசமா அண்ணன் மருந்துப் பக்கமே போவலன்னு தெரியுது.

மாதவராஜ்: கலை... ஏய், அழுவாத. ஃபர்ஸ்ட் கிளாஸ்ல பாஸானவன் பொண்டாட்டி அழுவலாமா?

ஜெயபிரியா: அப்ப தோட்டத்துக்கு யாருக்கா மருந்து அடிக்கிறது?

கலைமணி: வீரமணி. கூலிக்கு.

ஜெயபிரியா: அவரையும் வரச் சொல்லுங்க. ஒரு சொட்டு பாத்துரலாம்.

கலைமணி: அவன் பெங்களூரு போயிட்டான்.

ஜெயபிரியா: எப்ப?

கலைமணி: ...பொங்கல் முடிஞ்சு.

மாதவராஜ்: நல்ல வேலைக்காரன் மேடம். பொங்கல் முடிஞ்சு போனவன், போன வாரம் வரைக்கும் எங்க தோட்டத்துல மருந்து அடிச்சிருக்கான்.

ஜெயபிரியா: அக்கா, உங்க விரல நீட்டுங்க.

கலைமணி: எனக்கெதுக்கு? சோறாக்குறவளுக்கு...

மாதவராஜ்: நீட்டு கலை.

கலைமணி: விடியக்காலைல நீங்க தூங்கிக்கிட்டுதான இருந்தீங்க?

மாதவராஜ்: என் மழைக்கோட்டு தன்னால எந்திரிச்சுத் தோட்டத்துக்குப் போவுது. எவனுக்குத் தூக்கம் வரும்?

கலைமணி: ...ஏழு வாரம் பாப்பா. மழைக்கோட்டு, கையுறை, மாஸ்க்கு எல்லாம் போட்டுக்கிட்டுத்தான். நீ இவருக்குக் குடுத்துட்டுப் போனது, இவரு ஆணியில மாட்டி வெச்சிருந்தது. காய்ச்ச செடிய எப்பிடி வுடுறது? ஆளு கெடைக்கலன்னு சொன்னா இவரே மருந்து டேங்க்கத் தூக்கி மாட்டிக்குவாரு.

ஜெயபிரியா: கைய ஆட்டாதீங்கக்கா.

கலைமணி: பயத்துல ஆடுது பாப்பா. மருந்துல இல்ல... மருந்துல இல்லல்ல?

ஜெயபிரியா: பாத்துரலாம்.

கலைமணி: ஏங்க, எனக்கும் நாப்பதுன்னு வந்துட்டா?

மாதவராஜ்: வராது.

கலைமணி: டாக்டருக்குப் படிச்சிருக்கீங்களா?

மாதவராஜ்: வராதுங்கிறேன்ல.

ஜெயபிரியா: தொண்ணூத்தி நாலு.

கலைமணி: ஆங்?

ஜெயபிரியா: தொண்ணூத்தி நாலுக்கா. மருந்தே தொடாதவங்களுக்கு வர்ற மாதிரி... இருங்க, வேற இழை போட்டு இன்னொரு தடவ பாக்குறேன்... தொண்ணூத்தி மூணு. மெஷின் சரியாத்தான் இருக்குது. ஏழு வாரம் அடிச்சதுக்குக் கொஞ்சமாவது கொறைஞ்சிருக்கும்னு நெனச்சேன்.

கலைமணி: இப்பத்தான் வெளங்குது. கடைக்காரன் தண்ணியப் புடிச்சு வித்திருக்கான். அதான் பாதித் தக்காளியில புழு. போற வழியில பொம்மிடியில எறங்கி அவன நாலு கேள்வி கேக்காம வூடு வந்து சேர மாட்டேன்.

மாதவராஜ்: வேணாம் கலை. அவன் பாவம்.

கலைமணி: அவனுக்கு என்ன பாவம்? மருந்து சுத்தமான மருந்தா இருந்தா புழு எப்பிடி வரும்?

மாதவராஜ்: மருந்து சுத்தமாத்தான் இருக்குது. நீ வைக்கோலுக்குள்ள ஒளிச்சு வெச்ச அன்னிக்கே எடுத்து மோட்டார் ரூம்ல வெச்சுப் பூட்டிட்டேன். நீ அடிச்சது டப்பாவுல நான் மாத்தி ஊத்தி வெச்ச வேப்பெண்ணெய்யும் சோப்புத் தண்ணியும். மாஸ்க்க இறுக்கிக் கட்டிக்கிட்டியா, நாத்தம் தெரியல... நேராவே மருந்தடிக்கிறத நிறுத்துன்னு சொல்லியிருப்பேன். பதினாலு வருசமா நீ சொல்லி நான் நிறுத்துன லட்சணம் எனக்குத் தெரியும்ல.