சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு

ஹலோ... ஆமா, அக்காதான். கிளினிக்லேர்ந்துதான் பேசறேன்... அம்மாவை வீட்ல கொண்டு விட்டாச்சா?... சரி, சரி. நீதான் உள்ள வராம வண்டியிலயே உக்காந்துட்டியே, டாக்டர் சொன்னதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். முன்பல் நாலும் அரிச்சுப் போயிருக்கு. ரெண்டை எடுக்கணுமாம்...

என்னாலயா?... ஆமா, நான்தான் குடுத்தேன்... ஆமா ஆமா, சர்க்கரை இல்லாத மிட்டாய்தான்...

இருடா, பேச விடு. சாப்பிட்டதும் ஒண்ணு போட்டா எச்சில் ஊறும், பல்லுக்கு நல்லதுதான். தினம் பல் டாக்டர் பக்கத்துல நிக்கறவ, எனக்குத் தெரியாதா?... சூயிங்கம் அம்மாவோட கட்டின பல்லுல ஒட்டிக்குது, அதான் மிட்டாய். 'சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு'ன்னு டப்பா மேல நானே எழுதி ஒட்டினேன்... சர்க்கரை இல்லேன்னா எப்படி அரிச்சுதுன்னா? அது எலுமிச்சைப் புளிப்பு. சர்க்கரை இல்லேன்னாலும் நாள் முழுக்க வாயில கிடந்தா பல்லைத் தின்னுடும்... தப்புதான். புதினா வாங்கியிருக்கணும். ஒத்துக்கறேன்.

ஆனா ஒரு மாசத்து டப்பா ஆறு நாள்ல எப்படிடா காலியாகும்?... ருசியா? நானும் அப்படித்தான் நினைச்சேன். ஒரு வருஷமா கேக்கக் கேக்க சிரிச்சுக்கிட்டே குடுத்தேன்.

டாக்டர் கேட்டப்போ அம்மா 'மூணு வேளையும் சாப்பிடறேன்'னுதான் சொன்னாங்க. அவர் கை கழுவப் போனதும் என்கிட்ட மெதுவா சொல்றாங்க, 'பசிச்சா ஒண்ணு போட்டுப்பேன், அடங்கிடும்'னு...

தெரியும். நீயும் உன் பொண்டாட்டியும் வேலைக்குப் போறீங்க... ஆமா, அம்மா கேஸைத் திறந்து விட்டுடுவாங்கன்னு பயம், மூடிட்டுப் போறீங்க, சரி. சாயங்காலம் ஏழு மணி வரைக்கும் அவங்க என்னத்தைச் சாப்பிடுவாங்க?... பிரிட்ஜ்லயா? அந்தப் பல்லை வச்சுக்கிட்டு சில்லுன்னு இருக்கறதைக் கடிக்க முடியுமாடா?

கத்தாதே... நான் மட்டும் என்ன கிழிச்சேன்? ரெண்டு தெரு தள்ளி இருந்துக்கிட்டு, டப்பாவைக் குடுத்ததோட கடமை முடிஞ்சுதுன்னு இருந்தேன்...

அம்மாகிட்ட குடு... குடுடா.

அம்மா... நான்தான்... சாப்பிட்டியா?... சாப்பிட்டாச்சா? என்ன சாப்பிட்டே?... சரி, தம்பி பக்கத்துலயே நிக்கறானா?... ம்... நல்லாத்தான் பாத்துக்கறானா?... சரிம்மா, சரி...

வாயில என்னம்மா, கடகடன்னு சத்தம்?... அம்மா?... ஹலோ...