குறிப்பு என்கிற கடைசிக் கட்டம்

...சரி, புள்ளிவிவரம் போதும். பாதிப் பேருக்குச் சாப்பாட்டு வாசனை வந்துடுச்சுன்னு முகத்தைப் பார்த்தாலே தெரியுது. எனக்கும் இங்க நிலைகொள்ளல. வருகைப் பதிவுன்னு ஒரு தாள் வரிசை வரிசையா சுத்துது பாருங்க... அதைப் பார்த்ததுலேருந்தே மனசு பரபரங்குது. அது சுத்தட்டும். அதுக்குள்ள ஒரு சின்ன சங்கதி சொல்லிடறேன், கேளுங்க.

மூணு வருஷம் முன்னாடி. மதுரையில, இதே மாதிரி ஒரு ஹால், இதே மாதிரி ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம். உலக நாடுகள் எல்லாம் உக்காந்து நிலையான வளர்ச்சியைப் பத்திப் பேசப் போகுது. அங்க நம்ம அரசாங்கம் என்ன சொல்லணும்னு ஒரு வரைவு தயார் பண்ணியிருக்காங்க. அதைப் பத்தி இளைஞர்கள் கருத்தைக் கேக்கணும். கேக்கத்தான் கூப்பிட்டாங்க. நாற்பது பேர் போனோம். எனக்கும் அப்ப இளைஞன்னு பேரு, நானும் போனேன்.

என் பக்கத்து நாற்காலியில ஒரு பொண்ணு, பேரு ஜெபக்கனி. தூத்துக்குடிப் பக்கம். அவ அம்மா உப்பளத்துல வேலை செய்றவங்க. அந்தச் சித்திரையில, உப்பு வாரிக்கிட்டு இருக்கும்போதே... மயங்கி விழுந்துட்டாங்க. ஒதுங்க நிழல் இல்ல. குடிக்கத் தண்ணி இல்ல. பிழைச்சதே பெருசு. ஆனா பிழைச்சு எங்க போனாங்க? அதே உப்பளத்துக்கு, அதே வெயிலுக்கு.

வரைவுல வெயில்ல வேலை செய்றவங்களுக்குன்னு ஒரு பத்தி இருந்தது. விவசாயி இருந்தாங்க. கட்டடத் தொழிலாளி இருந்தாங்க. உப்பளம்? இல்ல. ஒரு வார்த்தை இல்ல. 'உப்பளத் தொழிலாளருக்கு நிழலும் குடிநீரும் நண்பகல் ஓய்வும் வேணும்'னு ஒரே ஒரு வரி எழுதி, நாலா மடிச்சுக் கையில வச்சிருந்தா அந்தப் பொண்ணு. அது உள்ள போகணும். அதுக்குத்தான் பஸ் ஏறி வந்திருக்கா.

பத்து மணிக்கு ஆரம்பிச்சாங்க. வரவேற்புரை. தலைமையுரை. சிறப்புரை. நடுவுல ஆறு பேருக்குப் பொன்னாடை. ஒண்ணேகால் ஆயிடுச்சு. ஜெபக்கனி கை தூக்கினா. மேடையில இருந்த அதிகாரி நல்ல மனுஷன்தான், கோபமே வராது. சிரிச்சுக்கிட்டே சொன்னார்: "நேரமாயிடுச்சேம்மா. உங்க கருத்தை மெயில்ல அனுப்பிடுங்க. எல்லாத்தையும் பார்ப்போம்."

அப்பத்தான் அந்தத் தாள் வந்தது. பேரு, ஊரு, கையெழுத்து... கடைசியில 'குறிப்பு'ன்னு ஒரு கட்டம். எல்லாத் தாள்லயும் இருக்குமே, அதுதான். யாராவது அதுல எழுதிப் பார்த்திருக்கீங்களா? நானும் எழுதல. வாய் கிழியப் பேசுற நான் என்ன பண்ணேன்? பேரு எழுதி, ஊரு எழுதி, கையெழுத்தைப் போட்டு அவகிட்ட நீட்டினேன். இப்பச் சொல்லவும் வெட்கமாத்தான் இருக்கு.

அவ வாங்கி வச்சுக்கிட்டு என்கிட்ட மெதுவா சொல்றா: "அண்ணே, போன வருஷமும் நான் வந்தேன். வாயே திறக்கல, கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டேன். அப்புறம் அறிக்கை வந்துச்சு. கடைசிப் பக்கத்துல என் கையெழுத்து இருக்கு. அதுக்கு மேல என்ன போட்டிருக்காங்க தெரியுமா? இளைஞர்களின் கருத்து கேட்கப்பட்டதுன்னு."

சொல்லிட்டுப் பேனாவைத் திறந்தா. கையெழுத்துப் போட்டா. பக்கத்துல காலியா கிடந்த கட்டத்துல எழுதினா: 'வந்தேன். பேச விடவில்லை.'

தாள் நகர்ந்தது. அடுத்த ஆள் பார்த்தார்... அதையே எழுதினார். அதுக்கடுத்த ஆளும் எழுதினார். ஒரு குறும்புக்காரன், 'வந்தேன். வடை நன்றாக இருந்தது. பேச விடவில்லை'ன்னு எழுதினான். எனக்கு இருப்பு கொள்ளல. எழுந்து போய்த் தாளைத் திரும்ப வாங்கி, என் பேருக்கு நேரா நானும் எழுதினேன்.

தாள் மேடைக்குப் போச்சு. அதிகாரி படிச்சார். சிரிப்பு நின்னு போச்சு.

"இதை எப்படிம்மா நான் மேல அனுப்புறது?"

"அப்படியே அனுப்புங்க சார்."

"விளையாடாதீங்கம்மா. வேற தாள் தர்றேன், எல்லாரும் சட்டுனு ஒரு கையெழுத்து..."

ஒருத்தரும் பேனாவை எடுக்கல. "போடுறோம் சார், மொதல்ல நாங்க சொல்றதைக் கேளுங்க"ன்னு ஜெபக்கனி சொன்னா.  அவர் தாளை மடிச்சு மேசையில வச்சார்... எழுந்து வந்து மைக்கை அவ கையில கொடுத்தார். சாப்பாடு ஆறிப்போச்சு. மூணு மணி வரைக்கும் பேசினோம்.

அவ வரி உள்ள போச்சா? பாதிதான் போச்சு. அந்தப் பத்தியில 'உப்பளத் தொழிலாளர்'னு பேரு வந்தது. நிழல் வரல. தண்ணி வரல. அறிக்கை வந்ததும் ஜெபக்கனி எனக்குப் போன் பண்ணினா. "சந்தோஷமாம்மா?"ன்னு கேட்டேன். "அம்மா இன்னிக்கும் வெயில்லதான் அண்ணே நிக்கிறாங்க"ன்னா. 

இதை ஏன் உங்ககிட்டச் சொல்றேன்? கையெழுத்துப் போடாதீங்கன்னா சொல்றேன்? இல்ல, போடுங்க. வந்தது உண்மைதானே. ஆனா நீங்க பேசாததைப் பேசினதா உங்க கையெழுத்து போய்ச் சொல்லக் கூடாது. உங்க பேரை வச்சு நாளைக்கு உலக நாடுகள் முன்னாடி ஒரு நாடே பேசப் போகுது.

எல்லாரும் கையில இருக்கிற நிகழ்ச்சி நிரலைக் கொஞ்சம் பாருங்க. என் சிறப்புரை, நாற்பது நிமிஷம். அதுக்கு அப்புறம்? மதிய உணவு. நீங்க பேசுறதுக்கு நேரம் எங்க போட்டிருக்கு? தேடுங்க... நானும் காலையிலேருந்து தேடிட்டேன். மேடையில இருக்கிற ஐயாமார் கோவிச்சுக்கக் கூடாது.

என் நேரத்துல இன்னும் முப்பது நிமிஷம் இருக்கு. எனக்கு வேண்டாம். அந்தத் தாள் இப்ப யார்கிட்ட இருக்கு? நாலாவது வரிசை... பச்சைச் சுடிதார் தங்கச்சி, உன்கிட்டத்தானே? கையெழுத்து இருக்கட்டும், அப்புறம் போட்டுக்கலாம். நீ பேசிட்டேன்னா அந்தக் கடைசிக் கட்டத்துல எழுத ஒண்ணும் இருக்காது. வாம்மா... நான் உக்கார்றேன்.