நூற்றெழுபதாம் எண்

நீங்கள் கொடுத்த பிஸ்கட் மொறுமொறுவென்று இருக்கிறது, ஐயா. உறையைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் 170 என்று ஓர் எண் இருக்கும். அதுதான் கால்சியம் கார்பனேட். மாவு கட்டி தட்டாமல் இருக்கச் சேர்ப்போம், சுண்ணாம்புச் சத்துக்காகவும் சேர்ப்போம். மாவு ஆலையில் பத்தொன்பது வருடமாக அதைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவள் நான். சொன்ன அளவுக்குள் இருந்தால் குழந்தைகூடச் சாப்பிடலாம். கூச்சப்படாமல் இன்னொன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

என் அக்காவுக்கு மட்டும் அது விஷம். நானும் அவளும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். ஆனால் நான் வாங்கி வரும் ரொட்டியைத் தொடமாட்டாள். மாடிப்படியில் யாரைப் பார்த்தாலும், "என் தங்கச்சி சுவத்துக்கு அடிக்கிற சுண்ணாம்பைக் கலந்து ஊருக்கே குடுக்குறா" என்று பற்றவைத்துவிடுவாள். கீழ்வீட்டுத் தையல்காரம்மா என்னைக் கண்டால் பிள்ளையின் கையிலிருக்கும் பிஸ்கட்டைப் பிடுங்குவாள். பத்தொன்பது வருட உழைப்பு, ஐயா. வயிறு எரியாதா?

வாயால் சொல்லி அலுத்துவிட்டது. சரி, நிரூபித்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். ஆலைக்குப் பொடி விற்க வந்தவர் மாதிரிக்கு ஒரு டப்பா வில்லைகள் கொடுத்தார். சுத்தமான கால்சியம் கார்பனேட், வெள்ளை, வட்டம். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இதயம் தாளம் தப்பாமல் இருக்க அக்கா தினமும் காலையில் போடும் மாத்திரையும் அச்சு அசல் அப்படியே இருக்கும். அவளுக்குக் கண் மங்கல். மாத்திரை எடுத்துக் கொடுப்பது எப்போதும் நான்தான்.

நாற்பது நாள் என்று வைத்துக்கொண்டேன். அவள் மாத்திரைக்குப் பதில் தினமும் ஒரு வில்லை. நாற்பதாம் நாள் காலி டப்பாவை அவள் முன்னால் வைத்து, இதைத்தானே இத்தனை நாளும் தின்றாய், உனக்கு என்ன ஆகிவிட்டது என்று கேட்க வேண்டும். அந்த நாட்களில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வேலைக்குப் போகும்போது பாட்டு முணுமுணுத்தேன். பத்தாம் நாள் அவளே சொன்னாள்: "ஏண்டி, இந்த மாத்திரை இப்பல்லாம் நல்லா ஒத்துக்குது. நெஞ்செரிச்சலே இல்ல, பாரேன்."

ஆமாம், நெஞ்செரிச்சலையும் அது தணிக்கும். சமையலறைக்கு ஓடி, சத்தம் கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்துவிட்டு, கண்ணில் நீர் வர வரச் சிரித்தேன்.

இருபத்தைந்தாம் நாள் நெஞ்சு படபடக்கிறது என்றாள். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. பழைய மாத்திரையைக் கொடுத்துவிடலாமா என்று நானும் யோசிக்காமல் இல்லை. ஆனால் நடுவில் ஒன்றை மாற்றினால் எதனால் எது நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆலையில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே அதுதான். "வயசாகுதுல்லக்கா, கொஞ்சம் படுத்துக்கோ" என்று நெஞ்சைத் தடவிவிட்டேன்.

முப்பத்தெட்டாம் நாள் சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தாள். அவளுடைய மாத்திரைகளில் ஒன்றைக்கூட நான் வீணாக்கவில்லை. அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன, அத்தனையும்.

நான்தான் செய்தேன் என்று தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. கூடவே பிரேதப் பரிசோதனை அறிக்கையில் உள்ள அந்த வரியையும் எழுதுங்கள்: வயிற்றில் விஷம் எதுவும் இல்லை. எத்தனை தடவை படித்தாலும் தித்திக்கிறது. தையல்காரம்மாவுக்கு ஒரு நகல் கொடுத்தால் புண்ணியமாகப் போகும். அக்காவிடம்தான் முதலில் வாசித்துக் காட்ட ஆசைப்பட்டேன். நாற்பதாம் நாளுக்குக் கேக்குக்குக்கூடச் சொல்லிவைத்திருந்தேன். இரண்டே நாள் பொறுத்திருக்கக் கூடாதா அவள்.