இறங்கும் கால்

குதிக்கிறவர் மேலே போவதைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். கீழே இறங்குவதை யாரும் கவனிப்பதில்லை. நான் பல வருடங்களாக இறங்குவதை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிறேன், மேடம். சற்று முன் உங்கள் அலுவலகப் பியூன் மாடிப்படியில் இறங்கி வந்தாரே, அவருக்கு வலது இடுப்பில் நோவு இருக்கிறது. டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். நான் இப்படி எழுந்து எழுந்து நடப்பதைக் குறையாக நினைக்க வேண்டாம். கொஞ்ச நாளாக ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் கால் தானாக ஆடத் தொடங்கிவிடுகிறது. மற்றபடி நிதானமாகத்தான் இருக்கிறேன். விசாரணை அதிகாரியாக நீங்கள் கேட்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

என் பெயர் தியாகராசன். தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் உடற்கல்வி விரிவுரையாளர். சொந்த ஊர் சீர்காழிக்குக் கிழக்கே, கடலுக்கு முந்தைய கடைசி ஊர். என் ஆராய்ச்சி ஜூடோ ஆடுகிறவர்களைப் பற்றியது. நின்ற இடத்திலிருந்து உயரமாக எம்பக்கூடியவர் எதிராளியைத் தூக்கி எறிவதிலும் கெட்டிக்காரராக இருப்பாரா என்பதுதான் கேள்வி. விரல் நுனியில் சாக்பீஸ் தூளைத் தடவிக்கொண்டு, சுவரோரம் நின்று எம்பி, எட்டிய இடத்தில் அடையாளம் வைக்க வேண்டும். கடைசியாக மெத்தை விரிப்பில் கூட்டாளியை மூச்சு வாங்கும்வரை எறிய வேண்டும். இந்த இரண்டுக்கும் முன்னால், கால் களைப்பதற்கு முன்பே, ஒரு மரப்பெட்டியின் மேலிருந்து குதித்து, தரையைத் தொட்டதும் மறுபடி எம்ப வேண்டும். அந்தப் பெட்டிச் சோதனையில்தான் காலின் உண்மை தெரியும்.

நீலாம்பாள் விளையாட்டு விடுதியிலிருந்து வந்தாள். முதல் நாள் அவள் சுவரில் வைத்த வெள்ளை அடையாளம் மற்றப் பெண்களுடையதற்கு மேலே தனியாக நின்றது. பையன்களில் பலருக்கு அது எட்டவில்லை. எந்த ஊர் என்று கேட்டேன். என் ஊரைச் சொன்னாள்.

"யார் மவ?"

"வீரையன் மவ சார்."

எங்கள் நிலத்தைக் குத்தகைக்குப் பயிரிடும் வீரையன். அவர் என்னைச் சின்னய்யா என்று கூப்பிடுவார். அவர் மகள் சார் என்றாள். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. கவனித்தேன், அவ்வளவுதான்.

நிலத்தைப் பற்றிக் கேட்டீர்கள். கழக ஆட்சி வந்தபின் போட்ட சட்டத்தில் வீரையன் தன் பெயரைக் குத்தகைதாரராகப் பதிந்துகொண்டார். அதன்பிறகு ஆட்சிகள் மாறி மாறி வந்தன. அந்தப் பதிவை யாராலும் அசைக்க முடியவில்லை. அவர் நல்ல மனிதர். அளக்க வேண்டிய நெல்லை ஒரு வருடம்கூட அவர் குறைத்ததில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கம் இறால் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்கு நிலம் ஒரே துண்டாக வேண்டும். மற்றவர்கள் எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள். வீரையனின் வயல் நட்டநடுவில், வாய்க்காலை ஒட்டி இருந்தது. அவர் நகரவில்லை. செங்கொடிச் சங்கம் அவர் பக்கம் நின்றது. வாரத்துக்கொரு மறியல், பாதி வழியில் நிற்கும் பஸ்கள், ஊருக்குள் போலீஸ் வண்டி.

அண்ணன் பஞ்சநதம் கேட்டுக்கொண்டதால் நானே ஒருமுறை வீரையனைப் போய்ப் பார்த்தேன். நாற்றங்காலில் நின்றார். தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார்.

"உப்புத் தண்ணிய உள்ள வுட்டா பக்கத்து வயலும் சேந்து செத்துரும் சின்னய்யா. வேற எது வேணாக் கேளுங்க, செய்யறேன். நெலத்த மட்டும் கேக்காதீங்க."

மரியாதையாகத்தான் சொன்னார். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை.

அன்றைக்குச் சாப்பிடும்போது அண்ணன் சொன்னார். "அவன் மவள விளையாட்டு ஒதுக்கீட்டுல போலீசுக்கு எடுக்கப் போறாங்களாம். காக்கிச்சட்டை ஏறிட்டா அப்பறம் அவன்கிட்ட யாரு போயிப் பேசறது?" ரசத்தை ஊற்றிக்கொண்டார். "உன்கிட்டதான குதிக்கிறா அந்தப் பொண்ணு?"

"ஆமாண்ணே."

பேச்சு அவ்வளவுதான். அண்ணன் என்னிடம் எதையும் செய்யச் சொல்லவில்லை என்பதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். நானும் எதற்கும் தலையாட்டவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் கொள்ளிடம் பாலம் வரை நின்றுகொண்டே வந்தேன். இடம் இருந்தது. உட்காரத் தோன்றவில்லை. சீர்காழியிலிருந்து தஞ்சாவூருக்குக் கொள்ளிடம் பாலம் வழியில்லை என்று உங்கள் முகம் சொல்கிறது. உண்மைதான். அன்றைக்கு பஸ் மாறி ஏறிவிட்டேன். பாலத்தில் இறங்கித் திரும்பி வந்தேன்.

அடுத்த வாரம் கல்யாண வீடியோ எடுக்கும் சேக் தாவூதைக் கேமராவுடன் வரச்சொன்னேன். பெட்டியிலிருந்து பெண்கள் இறங்குவதை எடுத்து, மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தோம். நீலாம்பாள் தரையைத் தொடும் நொடியில் அவளுடைய இடது முட்டி உள்பக்கம் சாய்ந்தது. பழகாத கண்ணுக்குத் தெரியாது. படத்தில் தெரிந்தது. சேக் தாவூதே கேட்டார், "என்ன சார், இந்தப் புள்ளைக்கு மட்டும் முட்டி முட்டியோட இடிக்கிற மாரி போவுது?" படம் தெளிவாக இல்லை என்று சொல்லிவிட்டேன்.

அப்படி இறங்குகிற காலில், முட்டிக்குள் எலும்புகளைப் பிணைக்கும் நாண் என்றாவது ஒருநாள் அறுந்துபோகும். திருத்துவது சுலபம். பெட்டியின் உயரத்தைக் குறைத்து, முட்டிக்கு மேலே ரப்பர் பட்டை கட்டி, இடுப்புக்குப் பயிற்சி கொடுத்தால் சில மாதங்களில் சரியாகிவிடும். என் கட்டுரையிலேயே எழுதியிருக்கிறேன். ஆனால் ஆராய்ச்சி நடக்கும்போது ஒருத்தியை மட்டும் திருத்தினால் முடிவுகள் கெட்டுப்போகும். இது நியாயமான காரணம். எந்தப் பேராசிரியரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

சில நாளில் அவளுடைய முட்டி வீங்கியது. நான்தான் டாக்டர் இராஜாங்கத்திடம் அழைத்துப் போனேன். அவர் கெண்டைக்காலைப் பிடித்து முன்னால் இழுத்துப் பார்த்தார். பிறகு என்னை வெளியே கூப்பிட்டார். "உள்ள நாண் பாதி கிழிஞ்சிருக்கு. இந்த வருஷம் முழுக்க இந்தப் பொண்ணு குதிக்கவே கூடாது" என்றார். அவருக்கு அவசரம். அவளிடம் நான் எடுத்துச் சொல்வேன் என்று நம்பி உள்ளே போய்விட்டார்.

நீலாம்பாள் பெஞ்சில் உட்கார்ந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன சார் சொன்னாரு?"

"சுளுக்குதான். வீக்கம் வத்துனா குதிக்கலாம்."

அவள் முகம் மலர்ந்தது. போலீஸ் தேர்வு கிட்டத்தில் இருந்ததே என்ற பயம் அவளுக்கு. உண்மையைச் சொல்லியிருந்தால் அன்று ராத்திரி தூங்கியிருக்க மாட்டாள். அதையும் நான் யோசித்தேன்.

வீக்கம் வற்றியது. வழக்கமாகப் பெட்டிச் சோதனையை முதலில் வைப்பேன். அன்று எறிதலை முதலில் வைத்தேன். களைத்த காலில்தான் முட்டி அதிகம் உள்ளே போகும். பெட்டிக்குக் கீழே இன்னொரு பெட்டியையும் நானே தூக்கி வைத்தேன். பெண்களைத் தூக்கச் சொல்லவில்லை. கனமான பெட்டி.

நீலாம்பாள் வேர்த்து நின்றாள். "சார், கால் நடுங்குது. நாளைக்கிக் குதிக்கட்டுமா?"

"தேர்வுலயும் நாளைக்கின்னு கேப்பியா?"

சிரித்துக்கொண்டே ஏறினாள். கையை உதறிவிட்டுக் குதித்தாள். பச்சை மூங்கிலை முறித்தாற்போல் ஒரு சத்தம். அவள் கத்தவில்லை. தரையில் உட்கார்ந்து முட்டியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, "சார், என்னமோ வுட்டுருச்சு" என்றாள்.

அதற்குப் பிறகு நான் செய்தவற்றை நீங்கள் யாரும் கேட்பதில்லை. ஆட்டோவுக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போனது நான். மெட்ராஸில் ஆப்பரேஷனுக்கு ஏற்பாடு செய்தது நான். செலவுக்கு வீரையனிடம் குத்தகை உரிமையைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. விட்டுக்கொடுத்து எழுதினால் கம்பெனி உடனே பணம் தரும் என்று அண்ணன் சொல்லியனுப்பினார். பதிவு அலுவலகத்துக்கு நான்தான் கூடப் போனேன். சங்கத்து ஆட்கள் வாசலில் நின்று, "வேணாம் வீரையா, நாங்க வசூல் பண்ணித் தர்றோம்" என்று கெஞ்சினார்கள். "எப்ப வசூல் பண்ணி, எப்ப ஆப்பரேசன் பண்றது?" என்று கேட்டுவிட்டு அவர் உள்ளே வந்தார். கையெழுத்துப் போட்டு முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சின்னய்யா இல்லன்னா எம் பொண்ணு நொண்டியாப் போயிருக்கும்."

கை சொரசொரவென்று இருந்தது. நான் இழுத்துக்கொள்ளவில்லை.

ஆப்பரேஷனுக்குப் பின் நீலாம்பாளால் நடக்க முடிந்தது. குதிக்கவோ எறியவோ முடியாது. போலீஸ் தேர்வு போய்விட்டது. அவளை நான் கைவிடவில்லை. என் ஆய்வுக்கூடத்திலேயே தற்காலிக வேலை வாங்கிக் கொடுத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து மற்றப் பெண்கள் சுவரில் வைக்கும் அடையாளங்களை அளந்து சொல்ல வேண்டும். ஒரு வருடம் ஒழுங்காகச் செய்தாள். முத்துப்பேட்டையிலிருந்து ஷம்சாத் என்ற பெண் வந்து சேரும்வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

ஷம்சாத் முதல் தடவை பெட்டியிலிருந்து இறங்கியபோதே அவள் முட்டி உள்ளே போவதைப் பார்த்தேன். "நிறுத்தும்மா, போதும்" என்று கையை உயர்த்தினேன். பழக்கம்தான். பெட்டியை எடுக்கச் சொல்லி, ரப்பர் பட்டையைக் கொண்டுவந்து நானே கட்டிவிட்டேன். இப்படியே இறங்கினால் நாண் அறுந்துவிடும் என்று விளக்கமாகவும் சொன்னேன்.

பெண்கள் எல்லோரும் போன பிறகு நீலாம்பாள் கேட்டாள்.

"ஷம்சாத்துக்கு முட்டி உள்ள போவுதுன்னு ஒடனே நிறுத்திட்டீங்க. எனக்கும் அப்படித்தான போச்சு சார்?"

"உனக்குக் கொஞ்சம்தான்."

"அப்ப பாத்திருக்கீங்க."

அவள் அளவு நாடாவைச் சுருட்டி மேசையில் வைத்தாள்.

"ரெண்டாவது பெட்டிய நீங்களே தூக்கி வெச்சீங்க சார். எங்களத் தூக்க வுடல. எவ்வளவு நல்ல மனுசன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

அவள் அழவில்லை. அங்கிருந்து நேரே டாக்டர் இராஜாங்கத்திடம் போயிருக்கிறாள். அவர் அன்றைக்கு என்னிடம் சொன்னதை அவளிடமும் சொல்லியிருக்கிறார். பிறகு உங்களிடம் வந்தாள்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். முட்டி உள்ளே போவது எனக்குத் தெரியும். நாண் கிழிந்திருப்பது தெரியும். களைக்க வைத்து, உயரத்தைக் கூட்டிக் குதிக்கவைத்தால் அறுந்துபோகும் என்பதும் தெரியும். தெரிந்துதான் பெட்டியைத் தூக்கி வைத்தேன். இதில் மறைக்க எதுவும் இல்லை. ஒன்றை மட்டும் தப்பாக எழுதிவிடாதீர்கள். நிலத்துக்காகச் செய்தேன் என்று சங்கத்துக்காரர்கள் சுவரொட்டி ஒட்டியிருக்கிறார்கள். அது அபாண்டம். அந்த வயல் இப்போது இறால் குட்டையாகிவிட்டது. வீரையன் அங்கேயே காவலுக்கு இருக்கிறாராம். கம்பெனி கொடுத்ததில் என் பங்கை அண்ணன் என் மனைவி பிரகதாம்பாள் பேரில்தான் போட்டிருக்கிறார். நான் இதுவரை அந்தப் பக்கமே போகவில்லை. நிலத்துக்காகச் செய்தவனாக இருந்தால், ஒரு தடவையாவது போய்ப் பார்த்திருக்க மாட்டேனா, மேடம்?