ஆள் மாறிய நாடகம்

கல்முனை பஸ் கல்லடிப் பாலத்தில் ஏறும்போது, எனக்கு முன் சீட்டில் இருந்த இளம்பெண் பக்கத்தில் இருந்த தாயிடம் சொன்னாள்.

"நேற்று ஒரு பொஞ்சாதி, இண்டைக்கு வேற பொஞ்சாதி. அந்த மனுசன் கண்ணைக்கூடச் சிமிட்டல்ல."

"மத்தியான டிவி நாடகத்தையா சொல்றாய்? நடிக்கிறவள் விலகினா என்ன செய்யிற? 'இவருக்குப் பதில் இவர்' எண்டு கீழ எழுத்துப் போட்டாங்கதானே. ரெண்டு நாள்ல முகம் பழகிரும்."

"அவள் சாகிற மாதிரி எழுதியிருக்கலாம். நாமளும் அழுதிருப்பம். அதே சாறிய உடுத்தி, அதே வீட்டுல புதுசா ஒருத்தியக் கொண்டுவந்து விட்டிருக்காங்க. புள்ளையும் உடனே அம்மா எண்டு கூப்பிடுது."

"புள்ளைக்கு அம்மா வேணும்தானே."

தாய் குரலைத் தாழ்த்தினார். எனக்கு எல்லாம் கேட்டது.

"உன்ட அத்தான் நல்ல மனுசன். இண்டைக்கு அக்காட திவசம் முடிய அவரோட உன்னப் பத்திக் கதைக்கத்தான் போறன். நீ குறுக்க பேசாத."

"அக்கா செத்தவ, அம்மா. நடிப்ப விட்டுட்டுப் போகல்ல."

பஸ் ஆரையம்பதியைத் தாண்டியது. களுதாவளையில் இறங்க எழுந்தபோது, தாய் மகளின் சாறித் தலைப்பை இழுத்துச் சரிசெய்தார்.

"அக்காட சாறி உனக்கும் வடிவாத்தான் இருக்கு."

மகள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"அங்க அத்தான்ட வீட்டுல அக்காட படம் மாலையோட தொங்குது. அதுக்குக் கீழ எழுதி ஒட்டுங்க, இவருக்குப் பதில் இவர் எண்டு."