எட்டு இருந்த இடத்தில் நாலு

ஹலோ... ஆமா, உனாய்சிதான் பேசறேன்... பதினோரு மணி நேரம் நாப்பது நிமிஷமா? விடாம ஓடிச்சா?... ஜெனரேட்டரை நிறுத்தவே இல்லையா?... ஓ, நீங்களே பக்கத்துல உக்காந்து டீசல் ஊத்துனீங்களா. நல்லது வாட்டிசோனி மாஸ்டர்... சரி... சரி... இப்ப திரையில என்ன தெரியுது?

சிவப்பு... எவ்வளவு சிவப்பு?... முழுக்கவா. சரி... இல்ல மாஸ்டர், வெடிக்காது. அது வெறும் பரிசோதனை. உள்ள ரேம்னு ஒரு பட்டை இருக்கு இல்ல, அதுதான் கம்ப்யூட்டரோட ஞாபகம். அதுல ஒவ்வொரு இடத்துலயும் ஒண்ணை எழுதிட்டு, உடனே திருப்பிக் கேக்கும். சரியா சொன்னா பேசாம அடுத்ததுக்குப் போகும். தப்பா சொன்னா சிவப்புல ஒரு வரி போடும்... ஆமா. உங்க ஒன்பதாம் வகுப்பு மாதிரிதான்.

மார்க் ஃபைலைத் திறந்தாலே நீலமாகி நின்னுடுதுன்னீங்களே, அதுக்கு இதுதான் காரணம்... பரீட்சை மார்க் பத்திரமா இருக்கு, அது வேற இடம்.

யாரு அழறது?... லோசேனாவா. அவகிட்ட சொல்லுங்க, அழ வேண்டாம்னு... கம்ப்யூட்டரை ஈரத்துணியால துடைச்சதுக்காகவா பள்ளிக்கூட ஆபீஸ் வேலைய விட்டு அனுப்பறாங்க?... யாரு, பள்ளிக்கூடக் கமிட்டியா? எப்ப?... இன்னிக்கா. கூட்டத்துல குடிக்கற கவா கலக்க ஆரம்பிச்சாச்சா?... துணியில போட்டுப் பிழிஞ்சுக்கிட்டு இருக்காங்களா. அப்ப நமக்கு அரை மணி நேரம் இருக்கு... இல்ல, புரியுது. கண்டாவு தீவுல வேற என்ன ஆபீஸ் வேலை இருக்கு? அவ பிள்ளைங்கள அங்க விட்டுட்டுக் கப்பல் ஏறி இங்க சுவாவுக்குத்தான் வரணும்... புரியுது மாஸ்டர்.

இன்னொரு தடவை முதல்லேந்து சொல்லிப் பாக்கறேன். தப்பா இருந்தா நிறுத்துங்க. புயல்ல ஆபீஸ் கூரை போச்சு. கம்ப்யூட்டரை உங்க வீட்டுக்குக் கொண்டு போனீங்க. ரெண்டு மாசம் அங்க இருந்துச்சு. நல்லா ஓடிச்சு... ஓடிச்சு. சரி. திங்கக்கிழமை ஆபீசுக்குத் திரும்ப வந்துச்சு. லோசேனா துடைச்சா. அன்னிக்கே நின்னு போச்சு. அதனால லோசேனாதான்... கமிட்டி அப்படி நினைக்குது. சரி.

உங்க வீட்டுல இருந்தப்ப யாராவது பெட்டியைத் திறந்தாங்களா?

...

இல்ல. சரி... இல்லன்னா இல்லதான். சும்மா கேட்டேன்.

இப்ப திறந்து பாப்போம். முதல்ல நிறுத்துங்க... வயரைப் பிடுங்குங்க. சுவத்துலேந்து... ஆமா. ஸ்க்ரூ டிரைவர்?... காணோமா. போன வாரம் இருந்துச்சே... சரி, கேக்கல. வெண்ணெய் தடவற கத்தி இருக்கா?... அது போதும்.

லோசேனா விரல் மெலிசு, அவளைக் கழட்டச் சொல்லுங்களேன்... தொடக்கூடாதா? யாரு சொன்னா?... கமிட்டித் தலைவரா. அவரு எங்க இருக்காரு?... வாசல்ல. சரி, அப்ப நீங்களே. பெட்டியோட இரும்பை ஒரு தடவை தொடுங்க. உடம்புல இருக்கற மின்சாரம் போயிடும்... உங்களுக்கு இல்லாம இருக்கலாம். இருந்தாலும் தொடுங்க.

உள்ள ஸ்கேல் மாதிரி ரெண்டு நிக்குதா?... அது ஃபேன்... அதுவும் இல்ல... ஆங், அதுதான். ரெண்டு முனையிலயும் வெள்ளை கிளிப் இருக்கும். அழுத்துனா பட்டை தானா எழும்பும்... ஜெபம் பண்ணிட்டு எடுக்கணுமா?... பண்ணுங்க மாஸ்டர். நான் இருக்கேன்.

...

ஆமென். இப்ப எடுங்க.

வந்துச்சா?... ரெண்டையும் எடுத்துட்டு, ஒண்ணை மட்டும் திரும்ப மாட்டுங்க... எதுவேணா. டக்னு சத்தம் வரணும்... வரலயா? திருப்பிப் போட்டிருப்பீங்க. நடுவுல ஒரு வெட்டு இருக்கும் பாருங்க... ஆங். கேட்டுச்சு. இப்ப வயரைச் சொருகி, பரிசோதனையை ஓட விடுங்க. முழுக்க வேண்டாம், முதல் ரெண்டு நிமிஷம் போதும்.

சார், சார்ஜரெல்லாம் ரெண்டாவது அலமாரியில... இல்ல சார், அது போனுக்கு... உங்களை இல்ல மாஸ்டர், கடையில ஆள். சொல்லுங்க... சிவப்பு இல்லையா? ஒண்ணு கூட இல்லையா? நல்லது. இப்ப நிறுத்திட்டு, இதை எடுத்துட்டு, அதே இடத்துல மத்ததைப் போடுங்க. அதே இடத்துல... ஆமா, இப்ப ஜெபம் வேண்டாம், முதல்ல பண்ணதே போதும்.

என்ன?... அதுக்குள்ளயா. எத்தனை வரி?... எண்ண வேண்டாம், விடுங்க. அதை எடுத்து, கீழ மஞ்சளா பல்லு மாதிரி இருக்கு இல்ல, அதை ரப்பரால மெதுவா தேய்ங்க... பென்சில் அழிக்கற ரப்பர்... பள்ளிக்கூடத்துல ஒரு ரப்பர் கிடையாதா?... லோசேனா குடுக்கறாளா. குடுக்கலாமா? ரப்பரைத் தொடலாமான்னு தலைவரைக் கேட்டீங்களா?... சரி, சரி, சிரிக்காதீங்க. தேய்ங்க. பல்லுல பச்சையா ஏதாவது பிடிச்சிருக்கா?... சுத்தமா இருக்கா. நல்லது. மாட்டுங்க.

...

மறுபடி சிவப்பு. சரி.

மாஸ்டர், இப்ப கேளுங்க. ஒரே இடத்துல ரெண்டையும் போட்டுப் பாத்தோம். ஒண்ணு பாஸ், ஒண்ணு ஃபெயில். அப்ப இடத்து மேல தப்பு இல்ல, அந்த ஒரு பட்டைதான் கெட்டது. தண்ணி உள்ள போயிருந்தா பல்லுல பச்சை இருக்கும். இல்ல. ஈரத்துணிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. லோசேனாகிட்ட சொல்லுங்க... கேட்டுச்சாமா?... ஐயோ, இப்ப எதுக்கு அழறா?... சந்தோஷமா. சரி.

வினாகா, நன்றி எல்லாம் அப்புறம் சொல்லலாம். வைக்காதீங்க... மாஸ்டர், வைக்காதீங்க. கெட்ட பட்டையில ஒரு ஸ்டிக்கர் இருக்கும். என்ன போட்டிருக்குன்னு படிங்க... கண்ணாடி சட்டைப் பையிலதானே வெச்சிருப்பீங்க?... சரி, தேடுங்க, நான் இருக்கேன்... யாரு? லோசேனாவா படிச்சது?... நாலு. நாலு ஜிபி. மத்ததுல?... எட்டு.

ஆமா லோசேனா, நான் போட்டது ரெண்டும் எட்டுதான். கூரை போறதுக்கு முன்னாடி நானே அங்க வந்து என் கையால போட்டேன். அன்னிக்கு நீதானே மரவள்ளிக்கிழங்கும் மீனும் குடுத்த?... மாஸ்டர்கிட்ட குடு. மாஸ்டர், இப்ப நான் ரெண்டாவது தடவை கேக்கறேன். யாராவது பெட்டியை...

யாரு கத்தறது?

தலைவரா? அவருக்கு எப்படிக் கேட்டுச்சு?... ஸ்பீக்கர்ல போட்டிருக்கீங்களா? எப்பலேந்து?... முதல்லேந்தா.

இல்ல, நான் திருட்டுன்னு சொல்லல... மாறியிருக்குன்னுதான் சொன்னேன்... லோசேனா வித்துட்டாளா? யாருக்கு விப்பா? அந்தத் தீவுல அதை யாரு வாங்குவா?... போலீஸா? எதுக்கு இப்ப போலீஸ்?... மாஸ்டர், அவருகிட்ட சொல்லுங்க... நீங்க ஏன் பேசாம நிக்கறீங்க?

ஸ்பீக்கரை அணைங்க. போனைக் காதுல வெச்சுக்கிட்டு வெளிய வாங்க... வந்தாச்சா? பக்கத்துல யாராவது?... நாய் பரவாயில்ல.

அரை மணி முன்னாடி துடைச்சதுக்காக லோசேனாவோட வேலை போக இருந்துச்சு. இப்ப திருடுனதா சொல்லிப் போகப் போகுது. நான் ரிப்பேர் பண்ணதுல வந்த முன்னேற்றம் இதுதான்... இல்ல, கோவம் இல்ல. என் குரலே இப்படித்தான்.

மூணாவது தடவை கேக்கறேன் மாஸ்டர்.

...

உப்புக்காத்தா? தலைவர்கிட்ட உப்புக்காத்துன்னு சொல்லணுமா?... உப்புக்காத்து துருப்பிடிக்க வைக்கும் மாஸ்டர். எட்டை எடுத்துட்டு நாலை வைக்காது. அவரு கப்பல்ல இன்ஜின் ஓட்டுனவரு, நம்ப மாட்டாரு... பல்லியும் வைக்காது.

சரி. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், நான் என் கதையைச் சொல்றேன். எனக்கும் ஒரு தாய்மாமா இருக்காரு, லேவுகாவுல. நான் படகுலேந்து இறங்கறதைப் பாத்தாலே அவரு வீட்டுக் கோழியெல்லாம் ஓடும். போன கிறிஸ்துமசுக்கு அவரு படுக்கையை எடுத்துட்டு வந்தேன். மெத்தையோட. படகுல ஏத்தி விட்டதே அவருதான், சிரிச்சுக்கிட்டே. நான் அவருக்கு வாசு. சகோதரி பெத்த பிள்ளை. மாமன் வீட்டுல எதுல கை வெச்சாலும் அது என்னுது. எடுக்கறது என் உரிமை, சிரிக்கறது அவரு வேலை. அன்னிக்கு ராத்திரி அவரு எதுல படுத்தாருன்னு நான் கேக்கல. அவரும் சொல்லல... ஆமா. சொல்லக்கூடாது. எனக்குத் தெரியும்.

இது என்னுது இல்ல, பள்ளிக்கூடத்துதுன்னு நீங்க ஒரு வார்த்தை... ஆமா. அப்படிச் சொன்னாலே தர மாட்டேன்னு சொன்ன மாதிரிதான். அப்புறம் உங்க கூடப் பிறந்தவங்க முகத்துல எப்படி முழிப்பீங்க. தெரியும் மாஸ்டர்... நான் பேரே சொல்லல. நீங்கதான் இப்ப அழறீங்க.

புதுசு ஒண்ணு நான் அனுப்பறேன். வெள்ளிக்கிழமை கப்பல்ல வரும். ஆனா அது வந்து சேர்றப்ப லோசேனா அந்த நாற்காலியில இருக்கணும். நீங்க உள்ள போய்ச் சொல்லணும்... முடியாதா... வாய் வரலையா...

கவா பிழிஞ்சு முடிச்சிட்டாங்களா? முதல் சிரட்டை யாருக்கு?... தலைவர் குடிச்சாச்சா. அப்ப கைதட்டி முடிச்சதும் பேச்சை ஆரம்பிச்சிடுவாரு.

போனை அவருகிட்ட குடுங்க... குடுங்க மாஸ்டர். நீங்க சொன்னா உங்க வாசுவை நீங்களே காட்டிக் குடுத்த மாதிரி. நான் சொன்னா அது வெறும் ரிப்பேர் விவரம்... ஆமா. எனக்கும் பயமாத்தான் இருக்கு. நாலு பேருக்கு மேல இருந்தா எனக்குப் பேச வராது. குடுங்க.

...

ஹலோ... தலைவரையா, வணக்கம். சுவாவுலேந்து உனாய்சி... ஆமா, கம்ப்யூட்டர் கடை... ஆமா, சின்னப் பொண்ணுதான்... கேட்டுச்சு ஐயா, போலீஸ் படகு... ஐயா... ஐயா, எனக்குக் கத்திப் பேச வராது. நீங்க நிறுத்துனாத்தான் நான் சொல்றது உங்களுக்குக் கேக்கும்.

...

வினாகா.

லோசேனா எடுக்கல... ஏன்னா காணாமப் போன எட்டு ஜிபி இங்க என் மேஜை மேல இருக்கு... இல்ல, யாரும் விக்கல. நேத்து மத்தியானம் ஒரு பொண்ணு கொண்டு வந்தா. தன் கம்ப்யூட்டர்ல மாட்டித் தரச் சொன்னா. எடுத்த இடத்தைக் காலியா விட்டா மரியாதையா இருக்காதுன்னு தன்னோட பழசை அங்கயே வெச்சுட்டு வந்தாளாம். கெட்டதுன்னு அவளுக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்துதுன்னும் தெரியாது. மாமா வீட்டு மேஜையில இருந்துச்சு, எடுத்தேன்னா... நேத்தே சொல்லியிருக்கலாம் ஐயா. சொல்ல வேண்டியவங்க சொல்லுவாங்கன்னு இருந்தேன்... யாரா?

மாஸ்டர் அங்க நிக்கறாரா?... தலை குனிஞ்சிருக்காரா. அவரை ஒண்ணும் கேக்காதீங்க, அவரால சொல்ல முடியாது.

தெமாலேசி. வாட்டிசோனி மாஸ்டரோட தங்கச்சி மக.